இறக்கத்தில் நின்ற வேன்

எங்கள் அறையில் இருப்பதைவிட இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது. என்னுடையதில் ஒரு கை கழன்று மூன்று வருஷமாகிறது. எழுதிக் கொடுத்துப் பார்த்துவிட்டேன், யாரும் மாற்றித் தரவில்லை. கொஞ்ச நேரமாகும் என்றீர்கள். ஆகட்டும். எனக்கு இன்றைக்கு வேறு வேலை இல்லை.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நான்கு வெவ்வேறு புதன்கிழமைகளில் வேகமாக வண்டி ஓட்டியதற்கான நான்கு நோட்டீஸ்கள் எப்படி ஒரே உறையில், ஒரே நாளில், ஒரே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்ல எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூலையில் உட்கார்ந்து எழுதுகிற அந்தப் பெண் பதற வேண்டியதில்லை. நான் நிதானமாகத்தான் பேசுவேன்.

போக்குவரத்துப் பிரிவு கட்டடத்தில் இரண்டாவது மாடி. ஆறு பேர், ஆளுக்கு இரண்டு திரை. நகரத்தில் நட்டு வைத்திருக்கிற கேமராக்களிலிருந்தும், இடம் மாறி மாறி நிற்கிற வேனிலிருந்தும் படங்கள் வந்து விழுந்துகொண்டே இருக்கும். ஒரு வண்டிக்கு இரண்டு படம். பின்னாலிருந்து எடுத்ததில் எண் பலகை தெரியும். முன்னாலிருந்து எடுத்ததில் ஓட்டுகிறவர் முகம் தெரியும். எண் சரிதானா, வேகம் சரிதானா என்று பார்த்துவிட்டு ஒரு பொத்தானைத் தட்டினால் நோட்டீஸ் தயாராகிவிடும். ரத்து செய்யவும் ஒரு பொத்தான் இருக்கிறது. ஆம்புலன்ஸுக்கு வழி விட்டவர்கள், பிரசவ வலியோடு மனைவியை ஏற்றிக்கொண்டு ஓடுகிறவர்கள், இப்படிப்பட்டவர்களுக்காக வைத்தது. காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஒரு வரி எழுதினால் போதும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

பதினான்கு வருஷமாக அந்த வேலை. ஒரு நாளைக்கு நானூறு முகம். காருக்குள் உட்கார்ந்துவிட்டால் யாரும் பார்க்கவில்லை என்று மனிதர்களுக்கு ஒரு நினைப்பு. வாயைப் பிளந்து பாடுவார்கள், மூக்கைக் குடைவார்கள், அழுவார்கள். கீழே கவுண்டருக்கு வந்து நின்றால் அதே ஆட்கள் வேறு மாதிரி. ஒருவர் தன் வண்டியையே திட்டினார். "மேடம், என் வண்டி அந்த வேகத்துல போயிருந்தா போல்ட்டெல்லாம் கழண்டு ரோட்ல கொட்டியிருக்கும்" என்றார். நான் படத்தைத் திருப்பிக் காட்டினேன். பணத்தைக் கட்டிவிட்டுப் போனார். அலுவலகத்தில் எனக்கு ஸ்கேல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் காதுபடவே சொல்வார்கள். கோடு கோணாது என்று அர்த்தம். நான் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதில்லை.

உங்கள் வண்டிகூட இரண்டு தடவை என் திரைக்கு வந்திருக்கிறது, இன்ஸ்பெக்டர். ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில், பகல் நேரம். பக்கத்து இருக்கையில் இருந்தவர் யார் என்று நான் பார்த்தேனே தவிர, யாரிடமும் கேட்கவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன். முகம் இருக்கிற படத்தை நாங்கள் தபாலில் அனுப்புவதில்லை. எண் பலகைப் படம் மட்டும்தான் போகும். வண்டிக்காரர் நான் ஓட்டவில்லை என்று எழுதிக் கேட்டால்தான் முகத்தைக் காட்டுவோம், அதுவும் நேரில். வேறொரு ஊர்க் கிளையில் அப்படி ஒரு படம் வீட்டுக்குப் போய் ஒரு குடும்பமே நாசமானதாம். அதற்குப் பிறகு வந்த விதி. எனக்கு அந்த விதி நன்றாகத் தெரியும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கிறவளே நான்தான்.

இன்னொன்றும் என் வேலை. அந்த வேன் எந்த நாளில் எங்கே நிற்க வேண்டும் என்று வாரா வாரம் பட்டியல் போடுவது. விபத்து அதிகமாக நடக்கிற இடம், ஜனங்கள் புகார் கொடுத்த இடம், இப்படிப் பார்த்துப் போட வேண்டும். மேலதிகாரி கையெழுத்துப் போடுவார். படித்துப் பார்த்துப் போட்டதாக எனக்கு ஞாபகமில்லை. வேனில் போகிற ஏட்டுக்குக் கொக்கு என்று பெயர். ஆள் ஒல்லி, நெட்டை. வண்டிகளை நிறுத்தச் சொல்லியிருந்தால் மரத்தடியில் அசையாமல் நின்று, வண்டி கிட்டே வந்ததும் ஒரே எட்டு எடுத்து வைத்துக் கையைக் காட்டுவார். அவரிடமிருந்து தப்பியவர்கள் குறைவு.

இனி என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என்னைவிடப் பதினொரு வயது சின்னவள். அம்மா போனபோது அவளுக்கு எட்டு வயது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். வீட்டில் அவளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். தலை வாரிவிட்டது, படிக்க வைத்தது, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எல்லாம் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வேண்டாம் என்று இருந்ததில்லை, அதற்கு நேரம் வாய்க்கவில்லை. அவளுக்கு இருபத்து நான்கு வயதானதும் நானே மாப்பிள்ளை பார்த்தேன். தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். சிகரெட் கிடையாது, குடி கிடையாது, பேச்சில் மரியாதை. வீட்டுக்கு வந்தபோது செருப்பை ஜோடி சேர்த்து நேராக வைத்துவிட்டு உள்ளே வந்தான். எனக்கு அது பிடித்திருந்தது. குட்டிக்குப் பிடிக்கவில்லை. "அவரு என்னைப் பார்க்கறதே மிஷினைச் செக் பண்ற மாதிரி இருக்குக்கா" என்றாள். எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும் என்றேன்.

சரியாகவில்லை. அதை நீங்கள் இப்போது ஆஸ்பத்திரிக் குறிப்புகளில் படித்திருப்பீர்கள். நான் அப்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். வேலையை விடச் சொன்னான், விட்டாள். வண்டி ஓட்டக் கூடாது என்றான். கல்யாணத்துக்கு முன்பே அவள் லைசன்ஸ் வாங்கியிருந்தாள், அதை எங்கோ எடுத்து வைத்துவிட்டாள். மணிக்கு ஒரு தடவை வீடியோவில் கூப்பிடுவான். அவள் முகத்தைப் பார்க்க அல்ல, பின்னால் எந்தச் சுவர் தெரிகிறது என்று பார்க்க. தபால் பெட்டிச் சாவி அவன் கொத்தில்தான் இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு துணிப்பையோடு என் வீட்டுக்கு வந்தாள். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"அக்கா, நான் இங்கேயே இருந்துடறேனே."

"எத்தனை நாளைக்கு?"

"நாள் கணக்கெல்லாம் கேக்காதக்கா. இருந்துடறேன்."

"நீ என்ன பேசினே அவர்கிட்ட?"

"கத்திரிக்கோலை எங்க வச்சேன்னு கேட்டாரு. தெரியலைன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

"தெரியலைன்னு எடுத்தெறிஞ்சு சொல்லியிருப்பே. உன் வாய் எனக்குத் தெரியாதா?"

அவள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காப்பி போட்டு வருகிறேன் என்று நான் உள்ளே போனேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவனைக் கூப்பிட்டேன். "மாப்பிள்ளை, குட்டி இங்கதான் இருக்கா, கவலைப்படாதீங்க. வந்து கூட்டிட்டுப் போங்க" என்றேன். பால் பொங்குவதற்குள் பேசி முடித்துவிட்டேன். நாற்பது நிமிஷத்தில் வந்து நின்றான். "ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்றான். அப்போதும் செருப்பை நேராகத்தான் வைத்தான்.

வண்டியில் ஏறும்போது குட்டி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாக எதுவும் சொல்லவில்லை, மணி என்ன என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "இனிமே எங்க போனாலும் உன்கிட்ட வரமாட்டேன்."

அடுத்த வாரம் அவள் கையில் மாவுக்கட்டு போட்டிருப்பதாகச் சித்தி போன் செய்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாளாம் என்று நானே சித்திக்குச் சொன்னேன். மற்றவர்கள் கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். குடும்பம் என்று இருந்தால் இப்படிச் சிலதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. நானும் கூப்பிடவில்லை. தப்பு யார் மேல் இருக்கிறதோ அவர்கள்தான் முதலில் பேச வேண்டும் என்பது என் பழக்கம்.

முதல் படம் தானாகத்தான் வந்தது. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பெரிய சந்திப்பில் நட்டு வைத்த கேமரா. புதன்கிழமை, காலை பத்து நாற்பது. ஐம்பதில் போக வேண்டிய இடத்தில் எழுபத்தொன்று. எண் பலகையைப் பார்த்ததும் அவன் வண்டி என்று தெரிந்தது. முன்படத்தைத் திறந்தேன். ஓட்டிக்கொண்டிருந்தது குட்டி.

ரத்து செய்யத்தான் போனேன். பொத்தானைத் தட்டிவிட்டேன், காரணக் கட்டமும் திறந்துவிட்டது. என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டே படத்தைப் பெரிதாக்கினேன். கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தாள். தலைமுடி முகத்தில் விழுந்து பறக்கிறது. வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் யாரும் இல்லை. தனியாக உட்கார்ந்துகொண்டு ஒருத்தி அப்படி என்னத்தைப் பார்த்துச் சிரிப்பாள்? அவள் சிரித்து நான் ஆறு வருஷமாகப் பார்த்ததில்லை. என்னோடு இருந்த காலத்திலும் அந்தச் சிரிப்பைப் பார்த்த ஞாபகம் இல்லை.

பின் இருக்கையில் சுருட்டிய பாய் ஒன்றும் ஒரு மேசை மின்விசிறியும் இருந்தன. மின்விசிறி நான் வாங்கிக் கொடுத்தது.

கட்டத்தை மூடிவிட்டு அந்தப் படத்தை நிலுவையில் வைத்தேன். சந்தேகமான படங்களை அப்படி வைத்துக்கொள்ள எங்களுக்கு அனுமதி உண்டு, முப்பது நாள் வரை.

புதன்கிழமை ஏன் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அவன் வேலை பார்க்கிற இடத்தில் உலைப் பகுதிக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. அங்கே சோதனை புதன்கிழமைகளில்தான், மூன்று மணி வரைக்கும். கல்யாணமான புதிதில் அதை அவனே பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அவன் காலையில் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவான். வண்டி ஞாயிற்றுக்கிழமைக்காகத் துடைத்து நிற்கும். தான் இல்லாமல் அந்த வண்டி நகரும் என்பதே அவனுக்குத் தோன்றியிருக்காது.

அந்தச் சந்திப்பைத் தாண்டினால் சாலை ஊருக்கு வெளியே போகிறது. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நீளமான இறக்கம். அதன் பாதியில் வேக வரம்பு எண்பதிலிருந்து ஐம்பதாகக் குறைகிறது. பலகை மரக்கிளைக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். ஆனால் ஆறு வருஷமாக அந்த இடத்தில் ஒரு சின்ன விபத்துகூட நடந்ததில்லை, அதனால் வேனை அங்கே நிறுத்துவதில்லை. நான் அடுத்த மூன்று புதன்கிழமைகளுக்கு அந்த இடத்தைப் போட்டேன். காரணம், பொதுமக்கள் புகார். புகார் இருக்கிறதா என்று யாராவது கேட்டால் காட்ட வேண்டுமே, அதனால் புகாரையும் நானே எழுதிக் கோப்பில் வைத்தேன். இடது கையால் எழுதவில்லை. என் கையெழுத்திலேயே எழுதினேன். இதிலிருந்தே என் மனதில் கள்ளம் இல்லை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அவள் எங்கே போகிறாள் என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். அவ்வளவுதான். ஒரு அக்கா அதைத் தெரிந்துகொள்ளக் கூடாதா?

இரண்டாவது புதன்கிழமை, அறுபத்தெட்டு. பின்னால் ஒரு துணி மூட்டை, ஒரு சுவர்க் கடிகாரம். மூன்றாவது புதன்கிழமை, எழுபத்து நான்கு. பின் இருக்கையில் பாத்திரங்கள். முன்னால், அவளுக்குப் பக்கத்து இருக்கையில், அம்மாவின் தையல் மிஷின். மேல்பாகத்தை மட்டும் கழற்றி ஒரு போர்வையில் சுற்றி உட்கார வைத்து அதற்கு சீட் பெல்ட் போட்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நான் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கைக்காரி, என்ன ஸ்கேல், ஒரே படத்தை இத்தனை நேரம் பார்க்கிறீங்க என்று கேட்டாள். எண் தெளிவாக இல்லை என்றேன்.

வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்துக்கொண்டு போகிறாள் என்பது சின்னப் பிள்ளைக்கும் புரியும். அவனை விட்டுப் போகிறாள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி, அவள் அவனை விட்டு வர வேண்டும் என்றுதான் கடைசி இரண்டு வருஷமும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் வீடு நகரத்தின் இந்தக் கோடியில் இருக்கிறது. அந்த இறக்கம் அந்தக் கோடியில். ஒவ்வொரு புதன்கிழமையும் அவள் எனக்கு நேர் எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

அம்மாவின் மிஷினை எடுத்துக்கொண்டு.

நான்காவது புதன்கிழமை கொக்கு அவளை நிறுத்திவிட்டார். வழக்கமாக வேன் படம் மட்டும் எடுத்துக்கொள்ளும். எழுபதைத் தாண்டிய ஆட்களை முடிந்தால் நிறுத்திப் பேசச் சொல்லி அந்த வாரம்தான் மேலே இருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. மதியம் கொக்கு நேராக என் மேசைக்கு வந்து நின்றார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்.

"மேடம், இன்னைக்கு ஒரு பொண்ணை நிறுத்தினேன். எழுபத்தேழு."

"பதிவு பண்ணியாச்சா?"

"அது ஆச்சு. அதைப் பத்திதான் பேசணும். லைசன்ஸெல்லாம் சரியா இருக்கு. வண்டி வீட்டுக்காரர் பேர்ல. அபராதத்தை இங்கயே வாங்கிக்குங்க சார், வீட்டுக்கு மட்டும் எதுவும் அனுப்பாதீங்கன்னு கெஞ்சுது."

"எல்லாரும்தான் கெஞ்சறாங்க."

"இல்ல மேடம். எல்லாரும் கெஞ்சறதைப் பதினெட்டு வருஷமாப் பார்த்துட்டு இருக்கேன். இது வேற. பேசறப்பவே கண்ணாடியில பின்னாடி யாராவது வர்றாங்களான்னு பார்த்துட்டே இருக்கு. இன்னும் ஒரே ஒரு வாரம் சார், வர்ற புதன்கிழமை தாண்டிட்டா அப்புறம் எங்க வேணா அனுப்புங்கன்னு சொல்லுது."

"வர்ற புதன்கிழமையா?"

"ஆமா. என்னமோ ஆபத்துல இருக்கு அந்தப் பொண்ணு. எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு, பார்த்தா தெரியாதா? நீங்க ரத்து பண்ணிடுங்க. காரணம் கேட்டா ஆம்புலன்ஸுக்கு வழி விட்டுச்சுன்னு நான் எழுதித் தர்றேன்."

"பார்க்கறேன்."

அவர் போகவில்லை. ஏதோ வேடிக்கை ஞாபகம் வந்த மாதிரி சிரித்தார்.

"இன்னொன்னும் சொல்லுச்சு மேடம். உங்க ஆபீஸ்ல ஒருத்தங்க இருக்காங்க சார், அவங்க கண்ணுல மட்டும் இது படவே கூடாதுன்னு. பேரைக் கேட்டேன், சொல்ல மாட்டேன்னுடுச்சு. நம்ம ஆபீஸ்ல அப்படி யாரு மேடம்?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்றேன்.

"நீங்க பார்க்கறேன்னு சொன்னா பண்ணிடுவீங்கன்னு எடுத்துக்கறேன்."

"உங்களுக்கு எப்படி வேணுமோ எடுத்துக்குங்க."

அவர் நிம்மதியாகப் போனார். நல்ல மனிதர். அவரை இதில் நீங்கள் இழுக்க வேண்டாம். அவருக்கு அவள் என் தங்கை என்று இன்றைக்குக் காலை வரை தெரியாது. காலையில் படிக்கட்டில் என்னைப் பார்த்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உண்மையைச் சொல்வதென்றால் அந்த நிமிஷம் வரைக்கும் நான் எதையும் முடிவு செய்திருக்கவில்லை. அவள் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான்கையும் ரத்து செய்திருப்பேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். யாரிடமிருந்து ஒளிக்கிறாள்? அவனிடமிருந்து ஒளித்தால் நியாயம். தெருவில் நிற்கிற ஒரு போலீஸ்காரரை நம்பினாள். அவரிடம் வாய் விட்டுக் கெஞ்சினாள். தலை வாரிவிட்ட என்னைப் பார்த்துத்தான் பயம்.

வியாழக்கிழமை காலை நான்கு படங்களையும் நிலுவையிலிருந்து எடுத்து நான்கு நோட்டீஸ் தயார் செய்தேன். தேதி, நேரம், இடம் எல்லாம் சரி. அவற்றில் ஒரு எழுத்துப் பிழை காட்ட முடியாது உங்களால். பிறகு முன்படங்கள் நான்கையும் வண்ணத்தில் அச்செடுத்தேன். எங்கள் இயந்திரத்தில் சிவப்பு கொஞ்சம் தூக்கலாக விழும், அதனால் இரண்டு தடவை எடுத்தேன். பின் இருக்கைச் சாமான்கள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அந்தப் படங்களை உள்ளே வைத்தது விதிக்கு மாறானது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். இந்த விஷயம் முழுவதிலும் நான் செய்த முறைகேடு என்றால் அது ஒன்றுதான், அந்தப் புகாரைச் சேர்த்தால் இரண்டு.

வியாழக்கிழமை மதியத் தபாலில் போட்டால் உள்ளூரில் சனிக்கிழமை காலையில் போய்ச் சேரும். சனிக்கிழமை அவன் வீட்டில் இருப்பான். பெட்டியை அவனே திறப்பான். வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தால் அவன் கம்பெனியில் இருப்பான், தபால்காரர் ஒருவேளை உறையை அவள் கையில் கொடுத்துவிடலாம். அதனால் காலைத் தபாலுக்கு விடாமல், மதியம் நானே கீழே இறங்கிப் போய்த் தபால் பையில் போட்டேன்.

நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. அடிப்பான். கையையோ காலையோ ஒடிப்பான், முன்பு செய்த மாதிரி. அல்லது அடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவான். வெளியே தள்ளுவான் என்றுதான் நான் அதிகம் எதிர்பார்த்தேன். புதன்கிழமைக்கு முன்பே அப்படி நடந்துவிட்டால், அவள் சாமான்களைக் கொண்டு போய் வைத்த இடம் எதுவாக இருந்தாலும் அங்கே போகிற நிலையில் இருக்க மாட்டாள். அடிபட்டவளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அதற்கு அவளுக்கு என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்தேன். பின்பக்க அறையைக் கழுவிவிட்டேன். மெத்தையை வெயிலில் போட்டேன். போர்வை, தலையணை உறை எல்லாம் துவைத்து மடித்து வைத்தேன். அவளுக்குப் புதிதாக ஒரு பல் துலக்கும் பிரஷ் வாங்கினேன், பஞ்சு, கட்டுத்துணி, வலி மாத்திரை எல்லாம் வாங்கினேன். மருந்துக் கடைக்காரர், வீட்டில் யாருக்காவது அடியா என்று கேட்டார். இன்னும் இல்லை என்று சொல்ல வந்தேன். வாயை மூடிக்கொண்டேன். இதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஒருத்திக்குக் கெடுதல் நினைக்கிறவள் அவளுக்காக மெத்தையை வெயிலில் போட மாட்டாள்.

அவன் உங்களிடம் என்ன சொன்னான் என்று கேள்விப்பட்டேன். மாடிப்படியில் கால் தவறி விழுந்தாள் என்கிறானாம். நான் அந்த வீட்டுப் படிகளை எண்ணியிருக்கிறேன், ஒன்பதுதான். ஒன்பது படியில் விழுந்து ஒரு மனுஷிக்கு அத்தனை அடி படாது. அவன் சொல்வதை நீங்கள் நம்பாதீர்கள். அவளை அவன்தான் கொன்றான். வேண்டுமானால் அவனுக்கு எதிராக நான் சாட்சி சொல்கிறேன். அவன் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது, நீதிமன்றத்தில் அதை வரிசையாகச் சொல்வேன்.

சித்தி நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "நீ அவளைத் தூக்கி அவன் கையில குடுத்துட்டியேடி, ரெண்டாவது தடவையா" என்று கத்தினாள். பெரியவள் என்பதால் நான் கோபப்படவில்லை. குட்டி வாடகைக்கு எடுத்திருந்த அறை அந்த இறக்கத்தைத் தாண்டி, சித்தி புதிதாகக் குடிபோன வீட்டுக்குப் பக்கத்துத் தெருவாம். சித்திதான் பார்த்துக் கொடுத்தாளாம். இரண்டு மாதமாக இருவரும் பேசி வைத்துச் செய்திருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் புதன்கிழமைகளில் வேன் அந்தப் பக்கமே போகாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். அது என் கையில்தானே இருந்தது. அதைச் சொன்னேன். சித்தி என் முகத்தில் காறித் துப்பினாள். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு வந்தேன்.

கடைசியாக ஒன்று. அவள் கைப்பேசியை நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்கள், அதனால் எப்படியும் கேட்கப் போகிறீர்கள். சனிக்கிழமை மதியம் இரண்டு ஐம்பதுக்கு எனக்கு ஒரு அழைப்பு வந்தது. நான் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். மேசையில் கைப்பேசி அதிர்ந்தது. திரையில் குட்டி என்று பெயர் வந்தது. அந்தப் பெயரை அங்கே பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

எடுக்கவில்லை. முதல் மணியிலேயே எடுத்தால் இதற்காகவே காத்துக்கொண்டிருந்தேன் என்று நினைப்பாள். இரண்டு வருஷம் பேசாமல் இருந்தவள் கொஞ்சம் கேட்டு வாங்கட்டும் என்று நினைத்தேன். அதில் என்ன தப்பு இருக்கிறது? அது அடித்து ஓய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு, உங்கள் ஆட்கள் வந்து கதவைத் தட்டுகிற வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால் கட்டாயம் எடுத்திருப்பேன். ஒரே தடவையோடு விட்டுவிட்டாள். அவளுக்கு எதிலுமே பொறுமை கிடையாது.